குரலின் சுருதியைக் காது எப்படிக் காக்கிறது?

குரலைப் பற்றிய பேச்சில் இரண்டு கருத்துகள் அடிக்கடி அடிபடுகின்றன. குரல் முழுக்கத் தொண்டையின் வேலை, காதுக்கு அதில் பங்கில்லை என்பது ஒன்று. இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லை என்றால் நாக்கையும் தொண்டையையும் காட்ட மருத்துவரிடம் ஓடும் பெற்றோர் பலர். காதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குக் கடைசியில்தான் வருகிறது. இன்னொன்று இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு கணமும் நம் குரலை நாமே கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த ஒலியைப் பிடிக்கிறோம், காதை அடைத்தால் குரல் உடனே தடம் மாறிவிடும் என்பது. பாட்டு வகுப்பிலும் மேடைப்பேச்சுப் பயிற்சியிலும் இதைச் சொல்பவர்கள் உண்டு.

இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. சேலத்துக்காரர்கள் தினம் பார்க்கும் சில காட்சிகளைக் கொண்டே மீதி உண்மையை விளக்கிவிட முடியும். விளக்கியே ஆக வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், இந்தத் தவறான எண்ணத்தால் நஷ்டப்படுவது பெரும்பாலும் பேச்சு வராத குழந்தைகள்தான்.

சுருதி என்று எதைச் சொல்கிறோம்

கழுத்தின் முன்பக்கம் மேடாகத் தட்டுப்படும் குருத்தெலும்புக்குப் பின்னால் குரல் மடிப்புகள் என்ற இரண்டு தசை மடிப்புகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கும் அவை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது, அவை உடனே மூடிக்கொள்கின்றன, மறுபடி திறக்கின்றன. இது நொடிக்கு நூறு, இருநூறு முறை நடக்கிறது. நொடிக்கு எத்தனை முறை என்பதுதான் அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். வயது வந்த ஆணின் பேச்சுக்குரல் 100 முதல் 130 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். பெண்ணின் குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டியும், சிறு குழந்தையின் குரல் 300 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும். இந்த அதிர்வெண் நம் காதுக்கு மேலாகவோ கீழாகவோ தோன்றுவதையே இந்தக் கட்டுரையில் சுருதி என்கிறேன்.

சத்தத்தைச் சுருதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தாலாட்டுப் பாடும் தாயின் குரல் மேல் சுருதியில் இருக்கும், ஆனால் சத்தம் குறைவு. கோபத்தில் உறுமும் பெரியவரின் குரல் கீழ்ச் சுருதியில் இருக்கும், சத்தமோ அதிகம்.

சுருதியை ஏற்ற உடல் முக்கியமாகச் செய்வது, குரல் மடிப்புகளை இழுத்து நீட்டி மெலிதாக்குவது. கிரிக்கோதைராய்டு என்ற சிறு தசை அதைச் செய்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்றழுத்தத்தைக் கூட்டினாலும் சுருதி கொஞ்சம் ஏறும். பலமாகக் கத்தும்போது குரல் கீச்சென்று மேலே போவது இதனால்தான்.

சுருதியின் வேலை பாட்டோடு முடிவதில்லை. "நாளை ஏற்காடு போகிறீர்கள்" என்ற வாக்கியத்தின் இறுதியைச் சற்று உயர்த்திச் சொன்னால் அது கேள்வியாகிவிடும். பேசுபவர் யார், சலிப்பில் இருக்கிறாரா மகிழ்ச்சியில் இருக்கிறாரா என்பதையும் பெரும்பாலும் சுருதியின் ஏற்ற இறக்கத்தை வைத்தே கண்டுகொள்கிறோம்.

மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவர்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தத் தடத்தில் பல ஆண்டுகளாகப் பஸ் ஓட்டும் ஒருவரையும், முதன்முறை கார் எடுத்துக்கொண்டு ஏறும் ஒருவரையும் கவனித்துப் பாருங்கள்.

புதியவர் வளைவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது, திரும்ப இழுக்கிறார், மறுபக்கம் அதிகமாகிறது. வண்டி நெளிந்து நெளிந்து போகிறது. பழகியவருக்கு எந்த வளைவில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது கையிலேயே இருக்கிறது. வளைவு முழுதாகக் கண்ணில் படுவதற்கு முன்பே கை திரும்பத் தொடங்கிவிடும். அவருடைய கண்ணும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது: எதிரே வரும் லாரிக்கு ஒதுங்க, மழையில் சறுக்கும் இடத்தில் நிதானிக்க, கை போட்ட கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

குரலிலும் இந்த இரண்டு வேலைகள் நடக்கின்றன. இந்தச் சொல்லுக்கு, இந்தச் சுரத்துக்குத் தசைகளை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மூளை முன்கூட்டியே அனுப்பும் கட்டளையை முன்திட்டம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே போன குரல் காது வழியாகத் திரும்பி வந்து, எண்ணியபடிதான் வந்ததா என்று மூளைக்குச் சொல்வது பின்னூட்டம். பேச்சு பெரும்பாலும் முன்திட்டத்தில் ஓடுகிறது. பின்னூட்டம் அதைச் சரிபார்க்கிறது. அந்த முன்திட்டத்தை முதலில் எழுதியதும், பிறகு அவ்வப்போது திருத்துவதும் காதுதான். மேலே சொன்ன இரண்டு கருத்துகளுமே தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

காதை ஏமாற்றிய சோதனைகள்

இதெல்லாம் எப்படித் தெரியும்? அமெரிக்காவில் ஜெஃப்ரி எல்மன் 1981இல் இதைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். 1990களில் சார்லஸ் லார்சனும் அவருடைய குழுவினரும் இதை விரிவாகச் செய்து பார்த்தார்கள். சோதனை எளிமையானது. ஒருவரை மைக்கின் முன்னால் உட்காரவைத்து "ஆ…" என்று ஒரே சுருதியில் நீட்டச் சொல்கிறார்கள். அவருடைய குரல் கருவி ஒன்றின் வழியாகப் போய் அவர் மாட்டியிருக்கும் ஹெட்ஃபோனில் உடனுக்குடன் கேட்கிறது. திடீரென்று கருவி அந்தக் குரலின் சுருதியை மட்டும் சற்று உயர்த்திவிடுகிறது. தொண்டையிலிருந்து வருவது 200 ஹெர்ட்ஸ் என்றால் காதில் விழுவது 212 ஹெர்ட்ஸ். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ இவ்வளவுதான். அந்த இடைவெளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்குச் சென்ட் என்று பெயர்.

காதில் விழும் சுருதி ஏறியதும், பெரும்பாலோரின் குரல் எதிர்த்திசையில் கீழே இறங்குகிறது. காதில் கேட்பதை இறக்கினால் குரல் ஏறுகிறது. 'ஏறிவிட்டோம், இறக்கு' என்று மூளை எண்ணிவிடுகிறது. பேசுபவர் இதை வேண்டுமென்று செய்வதில்லை. கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லிவைத்தாலும் குரல் இறங்கத்தான் செய்கிறது. மாற்றம் நடந்ததே தெரியாத அளவுக்கு அது மிகச் சிறிதாக இருந்தாலும் தொண்டை பதில் கொடுத்துவிடுகிறது. தேர்ந்த பாடகர்கள் பெரிய மாற்றங்களை ஓரளவு ஒதுக்கிவிட முடிகிறது. சிறிய மாற்றங்களை அவர்களாலும் ஒதுக்க முடிவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, திருத்தம் முழுமையாக இருப்பதில்லை. 100 சென்ட் மாற்றினால் குரல் திருப்பிக் கொடுப்பது சாதாரணமாக 20 முதல் 50 சென்ட் வரைதான். மாற்றத்தை மிகப் பெரிதாக்கினால் திருத்தம் அதற்கேற்பக் கூடுவதில்லை. சிலருக்கு எதிர்த்திசையில் போவதற்குப் பதிலாகக் குரல் அந்த மாற்றத்தையே பின்தொடரவும் செய்கிறது. காதில் விழுவது தன் குரலிலிருந்து மிகவும் விலகிவிட்டால், அதை வேறு யாரோ எழுப்பும் ஒலியாக மூளை எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது என்பது ஒரு விளக்கம்.

ஏன் முழுத் திருத்தம் இல்லை? காது மட்டும் சாட்சி சொல்வதில்லை. குரல் மடிப்புகளிலும் சுற்றியுள்ள தசைகளிலும் உள்ள நரம்புகள் எவ்வளவு இழுவை இருக்கிறது என்று தனியாகச் செய்தி அனுப்புகின்றன. சுருதி ஏறிவிட்டது என்று காது சொன்னாலும், இழுவை அப்படியேதான் இருக்கிறது என்று தொண்டை சொல்கிறது. மூளை இரண்டுக்கும் நடுவே ஒரு முடிவுக்கு வருகிறது. லார்சன் குழு 2008இல் குரல் மடிப்புகளை மருந்து கொடுத்து மரத்துப்போகச் செய்துவிட்டு இதே சோதனையை நடத்தியபோது திருத்தம் முன்னைவிடப் பெரிதானது. தொண்டையின் செய்தி மங்கியதும் மூளை காதை அதிகமாக நம்பியது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குரல் முன்திட்டத்தில் ஓடுகிறது. திரும்பி வரும் குரல் எண்ணியதிலிருந்து விலகினால் நம் விருப்பமில்லாமலே எதிர்த்திசையில் ஒரு சிறு திருத்தம் நடக்கிறது.

காது பேச்சை எட்டிப் பிடிக்க முடிவதில்லை

இந்தத் திருத்தம் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சுருதி மாறிய பிறகு குரல் அசையத் தொடங்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் 0.15 நொடி வரை ஆகிறது. திருத்தம் உச்சத்தைத் தொட அதற்கு மேலும் நேரம் ஆகும்.

சாதாரண வேகத்தில் பேசும்போது நொடிக்கு ஐந்து அசைகள் போல வந்துவிடுகின்றன. அதாவது ஒரு அசைக்கு 0.2 நொடி. காது கேட்டு, மூளை முடிவெடுத்து, தசை அசைந்து, திருத்தம் நிலைபெறுவதற்குள் அந்த அசை போய்விட்டது, நாக்கு அடுத்ததைத் தொட்டுவிட்டது. கேட்டுக் கேட்டே பேசுவதாக இருந்தால் நாம் எல்லோரும் இழுத்து இழுத்துத்தான் பேச முடியும்.

ஆகவே ஓடும் பேச்சில் காது எல்லா அசையையும் அந்தந்த இடத்திலேயே சரிசெய்வதில்லை. நீண்ட உயிரொலிகளில், வாக்கியத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில், நிறுத்தி இழுக்கும் சுரத்தில்தான் உடனடித் திருத்தத்துக்கு இடம் இருக்கிறது. சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும் மாண்டரின் சீன மொழியைப் பேசுபவர்களிடம், பேச்சின் நடுவிலும் இந்தத் திருத்தம் நடப்பதை அளந்து காட்டியிருக்கிறார்கள். மற்றபடி காதின் பெரிய வேலை, அடுத்த முறைக்கான திட்டத்தைத் திருத்துவது.

திட்டத்தை எழுதுவதும் அழிப்பதும்

ஏற்காட்டுப் பஸ்ஸின் ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் சில நாட்களில் தன்னை அறியாமலே வலப்பக்கம் கொஞ்சம் பிடித்து ஓட்டப் பழகிவிடுவார். பிறகு பணிமனையில் அலைன்மென்ட் சரிசெய்து கொடுத்தால் முதல் சில வளைவுகளில் வண்டி வலப்பக்கம் ஒதுங்கும். வண்டி சரியாகிவிட்டது, கை இன்னும் பழைய கணக்கில் இருக்கிறது.

குரலிலும் இதே நடப்பதைக் கனடாவில் ஜெஃப்ரி ஜோன்ஸும் கெவின் மன்ஹாலும் 2000இல் காட்டினார்கள். ஹெட்ஃபோனில் கேட்கும் குரலின் சுருதியைத் திடீரென்று மாற்றாமல், யாரும் கவனிக்காதபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனார்கள். பிறகு ஒரே கணத்தில் இயல்பான குரலைத் திரும்பக் கொடுத்தார்கள். அப்போதும் பேசியவர்களின் சுருதி பழைய இடத்துக்கு உடனே வரவில்லை. சோதனைக்கு முன்பிருந்த அளவிலிருந்து விலகியே நின்றது. காதில் விழுந்ததை வைத்துத் திட்டமே மாற்றி எழுதப்பட்டிருந்தது.

திட்டத்தை ஏன் இப்படி அடிக்கடி திருத்த வேண்டும்? கருவி மாறிக்கொண்டே இருக்கிறது. சளி பிடித்தால் குரல் மடிப்புகள் வீங்கிக் கனமாகும். வயதாகும்போது தசை தளரும். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் வயதில் வருகிறது. சில மாதங்களில் மடிப்புகள் நீண்டு தடித்து, பேச்சுக்குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது அதிர்வெண் பாதியாகும் அளவுக்கு, கீழே இறங்குகிறது. பழைய திட்டத்தின்படி தசையை இழுத்தால் எதிர்பாராத சுருதி வெளிவருகிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒரு வாக்கியத்தின் நடுவே கீச்சிட்டு நிறுத்திக்கொள்வதற்கு, மடிப்புகள் சீராக வளராததோடு இதுவும் ஒரு காரணம். காது கேட்டு, மூளை புதிய கணக்கை எழுதி முடிக்கும்வரை அந்தத் தடுமாற்றம் இருக்கும். அந்த வயதில் பையன்களைக் கேலி செய்து வாயடைக்கவைப்பது சரியல்ல. புதிய குரலைப் பேசிக் கேட்டால்தான் புதிய திட்டம் எழுதப்படும்.

'இது என் குரல்' என்று தெரிவது எப்படி

பேசத் தொடங்குவதற்குச் சற்று முன்பே, தொண்டைக்குப் போகும் கட்டளையின் நகல் ஒன்று மூளையில் ஒலியை அறியும் பகுதிக்கும் போகிறது. 'இப்போது இப்படி ஓர் ஒலி வரப்போகிறது' என்ற முன்னறிவிப்பு அது. இதை எதிர்பார்ப்பு நகல் என்று சொல்லலாம். எதிர்பார்த்த ஒலியே வந்தால் அந்தப் பகுதி அடங்கிய குரலில்தான் பதில் தருகிறது. அதே பதிவை அவரே சும்மா உட்கார்ந்து கேட்கும்போது எழும் மூளை அலைகளைவிட, பேசும்போது எழும் அலைகள் சிறியவை. சுருதியை மாற்றிக் கொடுத்தால் அந்த அடக்கம் குறைந்து அலை பெரிதாகிறது. எதிர்பார்ப்புக்கும் வந்ததற்கும் உள்ள இந்த வித்தியாசமே திருத்தத்தைத் தொடங்கிவைக்கிறது.

காற்று வழியும் எலும்பு வழியும்

நம் குரல் நமக்கு இரண்டு வழிகளில் வருகிறது. வாயிலிருந்து வெளியே போய்க் காற்றின் வழியாகச் செவிப்பறையை அடைவது ஒன்று. தொண்டையின் அதிர்வு மண்டையோட்டு எலும்பின் வழியாக நேரே உட்காதுக்குப் போவது மற்றொன்று. செவியறிவியலுக்காக 1961இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஃபான் பெகெஷி, இரண்டு வழிகளும் ஏறக்குறைய சமமான பங்கு வகிக்கின்றன என்று 1949இல் எழுதினார்.

கைப்பேசியில் பதிவான நம் குரல் நமக்கே அன்னியமாகக் கேட்பது இதனால்தான். பதிவில் காற்று வழி மட்டும் இருக்கிறது. "பதிவில் என் சுருதி ஏறிவிடுகிறது" என்று பலர் சொல்வார்கள். சுருதி ஏறுவதில்லை. இரண்டு வழியிலும் வரும் அதிர்வெண் ஒன்றே. எலும்பு சேர்த்துக் கொடுக்கும் கனம் பதிவில் இல்லாததால் குரலின் நிறம் மெலிந்து கேட்கிறது.

ஏற்காடு ஏறும்போது இந்த இரண்டு வழிகளையும் நீங்களே பிரித்துக் கேட்கலாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நடுச்செவியில் இருக்கும் காற்று விரிந்து செவிப்பறையை வெளியே தள்ள, காது அடைத்துக்கொள்கிறது. வெளிச் சத்தமும் காற்று வழி வரும் சொந்தக் குரலும் மங்கும். எலும்பு வழி மட்டும் குறையாமல் இருக்கும். தன் குரல் தலைக்குள்ளேயே முழங்குவது போலிருக்க, பலரும் தங்களை அறியாமல் சத்தத்தைக் குறைத்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகிவிடும். இறங்கும்போது செவிப்பறை உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தக் குழாய் அப்போது எளிதில் திறப்பதில்லை. அதனால்தான் இறக்கத்தில் குழந்தைகள் அதிகமாக அழுகிறார்கள்.

தறிச் சத்தத்தில் பேசுவது

அம்மாபேட்டையிலோ இளம்பிள்ளையிலோ விசைத்தறிக் கூடத்துக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். தறிகள் ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். உள்ளே நுழைந்ததும் யாரும் சொல்லாமலே குரல் உயர்கிறது, சுருதி ஏறுகிறது, உயிரொலிகள் நீள்கின்றன. வெளியே வந்த மறுகணம் எல்லாம் பழையபடி ஆகிறது. பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் இதை விவரித்தார். அவர் பெயராலேயே இதை லொம்பார் விளைவு என்கிறார்கள். காது கேட்கவில்லை என்று நடிப்பவரைக் கண்டுபிடிக்கவும் இது உதவியது. படித்துக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால், உண்மையில் கேட்பவரின் குரல் தானாக உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பஸ்ஸில் ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்டபடியே பக்கத்திலிருப்பவரிடம் உரக்கப் பேசுபவருக்கும் நடப்பது இதுதான்.

தறிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். 85 டெசிபலுக்கு மேலான சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல உட்காதில் நிரந்தரச் சேதம் ஏற்படும். முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஒலிகள். பேச்சின் சுருதி 100, 200 ஹெர்ட்ஸில் இருப்பதால் அது தப்பிவிடுகிறது. ஆகவே குரலின் ஏற்ற இறக்கத்தில் குறையே தெரியாது. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மட்டும் காதிலிருந்து நழுவிப் போயிருக்கும். நன்றாகத்தானே பேசுகிறார் என்று வீட்டார் ஏமாந்துபோவது இங்கேதான். காதடைப்பான் பத்து ரூபாய்ச் செலவு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

குரல் தாமதமாகத் திரும்பினால்

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் தெருவெங்கும் குழாய் ஒலிபெருக்கிகள் கட்டியிருப்பார்கள். எழுபது மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து ஒலி மேடைக்குத் திரும்பி வர ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். மைக் பிடித்தவர் தன் குரலை இப்படிப் பின்தங்கிக் கேட்டால் பேச்சு இழுபடும், அசைகள் இரட்டிக்கும், சிலருக்கு நாக்கே குழறும். பெர்னார்ட் லீ 1950இல் இந்த விளைவை எழுதினார். பேச்சை அதிகம் குலைப்பது இந்த 0.2 நொடித் தாமதம்தான். முன்திட்டம் அடுத்த அசைக்குப் போய்விட்ட பிறகு முந்தைய அசையின் பின்னூட்டம் வந்து சேர, இரண்டும் பொருந்தாமல் போகின்றன. மேடையில் பேசுபவர் தன் பக்கத்திலேயே ஒரு சிறு ஒலிபெருக்கி கேட்டால் கொடுத்துவிடுங்கள். அது அவருக்கு வசதிக்காக இல்லை, பேசுவதற்கே தேவை.

சுருதிப்பெட்டியோடு பாடும்போது

பாட்டில் காதுக்கு உண்மையான இடம் கிடைக்கிறது. ஒரு சுரத்தை இரண்டு நொடி நிறுத்தினால் திருத்தத்துக்குப் போதுமான நேரம் இருக்கிறது. சுருதிப்பெட்டியும் தம்பூராவும் மாறாத ஓர் அளவுகோலைக் காதில் வைக்கின்றன. பாடகர் தன் குரலை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பின்பாட்டு, மிருதங்கம், கூட்டம் எல்லாம் சேர்ந்து தன் குரலை மூழ்கடிக்கும்போது சிலர் ஒரு காதைக் கையால் பொத்துவார்கள். அப்போது எலும்பு வழிக் குரல் தெளிவாகக் கேட்கும்.

வேகமான பிருகாக்களில் காதால் ஒன்றும் செய்ய முடியாது. 0.1 நொடிக்குள் ஓடிவிடும் சுரத்தைக் கேட்டுத் திருத்த நேரமில்லை. அது முழுக்கத் திட்டத்தின் வேலை. முதலில் மெதுவாகப் பாடவைத்து, பிறகு இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தைக் கூட்டும் நம் பாடமுறைக்கு இதில் நல்ல நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன். மெதுவாகப் பாடும்போதுதான் காது திட்டத்தை எழுத முடியும்.

இங்கே நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். முன்திட்டம் வேகமானது, ஆனால் குருடு. பின்னூட்டம் மெதுவானது, ஆனால் உண்மையைச் சொல்லும். மெதுவான இடங்களில் பின்னூட்டம் உடனே திருத்துகிறது. வேகமான இடங்களில் அடுத்த முறைக்காகத் திட்டத்தைத் திருத்திவைக்கிறது.

காது கேளாமல் போனால்

மலையில் பனி இறங்கி ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போனாலும், பழகிய ஓட்டுநர் ஓரளவு தூரம் வண்டியை நகர்த்திவிடுவார். புதியவர் நின்றுவிட வேண்டியதுதான்.

வயது வந்த பிறகு காது கேட்கும் திறனை முழுதாக இழந்தவர்கள் பல ஆண்டுகள் புரியும்படி பேசுகிறார்கள். சொற்கள் கெடுவதில்லை, திட்டம் கையில் இருக்கிறது. முதலில் தளர்வது சத்தமும் சுருதியும்தான். குரல் இடத்துக்குப் பொருந்தாமல் உரத்துப்போகும், சுருதி மேலேறும், அல்லது நிலையில்லாமல் அலையும். திருத்தி எழுத ஆளில்லாத திட்டம் மெல்ல மெல்ல விலகிப்போகிறது. வீட்டிலுள்ள பெரியவர் திடீரென்று எல்லோரிடமும் கத்திப் பேசத் தொடங்கினால், அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் காதைச் சோதித்துவிடுங்கள்.

பிறவியிலேயே கேளாத குழந்தையிடம் எழுதப்பட்ட திட்டமே இல்லை. அதன் தொண்டையிலும் நாக்கிலும் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், "ஊ", "ஆ" என்று ஒலியெழுப்பும். அதனால் முதல் மாதங்களில் பெற்றோருக்குச் சந்தேகமே வராது. கேட்கும் குழந்தைகள் 10 மாதத்துக்குள் "பாபாபா", "மாமாமா" என்று அசைகளை அடுக்கத் தொடங்கிவிடுகின்றன. கேளாத குழந்தையிடம் அது மிகவும் தாமதமாகிறது. தன் தொண்டை எழுப்பிய ஒலி இன்னது என்று அதற்குத் தெரிய வழியில்லை. அத்தகைய குழந்தையை "ஊமை" என்று அழைப்பது புண்படுத்துவது மட்டுமில்லை, தவறான உறுப்பைச் சுட்டிக்காட்டுவதும் ஆகும்.

பிறந்த குழந்தையின் காதை, அது தூங்கும்போதே சில நிமிடங்களில் வலியில்லாமல் சோதிக்கக் கருவிகள் வந்துவிட்டன. 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குவது என்பது செவித்துறை வல்லுநர்கள் உலகெங்கும் வலியுறுத்தும் அட்டவணை. சிலருக்குக் காது கேட்கும் கருவி போதும். உட்காது முற்றிலும் செயல்படாதவர்களுக்கு, செவி நரம்பை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்துகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. வயது வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

இந்தக் கருவியால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. நல்ல உட்காதில் ஒலியைப் பிரித்தறியும் உணர்செல்கள் சுமார் 3,500 இருக்கின்றன. இம்பிளான்டில் இருப்பவை பொதுவாக 12 முதல் 22 வரை மின்முனைகள்தான். பேச்சைப் புரிந்துகொள்ள அவை போதுமானவை. சுருதியின் நுண்ணிய வேறுபாடுகளைக் காட்ட அவற்றால் முடிவதில்லை, அதனால் பாட்டின் மெட்டைப் பிடிப்பது பலருக்குக் கடினமாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் குரலில் அதன் பயன் தெரிகிறது. வளர்ந்த பிறகு கேட்கும் திறனை இழந்து இம்பிளான்ட் பொருத்திக்கொண்டவர்களிடம் அதைச் சற்று நேரம் அணைத்துவிட்டுப் பேசச் சொன்னால், சிலருடைய சுருதியும் சத்தமும் உடனே மாறுகின்றன. திரும்பப் போட்டால் பழைய இடத்துக்கு வருகின்றன. குழந்தைகளுக்கோ கருவி பொருத்திய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், தன் குரலைத் தானே கேட்டு, சொல்லி, மறுபடி கேட்டுத் திட்டத்தை முதலிலிருந்து எழுதும் பயிற்சி. பயிற்சியாளரிடம் கழியும் வாரத்தில் ஒரு மணி நேரம் அதற்குப் போதாது. வீட்டில் அம்மாவும் பாட்டியும் அண்ணனும் அந்தக் குழந்தையோடு முகம் பார்த்து நாள் முழுக்கப் பேச வேண்டும்.